திரைக்குப் பின்னால் நம்மவர்



பி. ரம்லியின் பாட்டுகள் நம் கோலா பிலா தோட்டப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அவரைக் கதாநாயகனாக்கியது யாருன்னு கேட்டால் விழிப்பார்கள். அவர்தான் எல். கிருஷ்ணன், 1922-இல் சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்தவர்.

1948 முதல் துணை வேடங்களில் நடித்து, பிறருக்குப் பின்னணியும் பாடி வந்தார் ரம்லி. சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் 1950-இல் எடுத்த ‘பக்தி’ படத்தில் கிருஷ்ணன் அவரை நாயகனாக நிறுத்தினார். மலாயில் அச்சொல்லுக்குத் தொண்டு என்று பொருள். 1955-இல் ‘பெனாரேக் பெச்சா’ மூலம் ரம்லியே டைரக்டரானார்.

டைரக்டர் முகம் திரையில் தெரியாது. மரம் வெட்டும் கை டயரில் தெரியாதது போலத்தான். ஆனாலும் பிறர் திறமையைக் கண்டு முன்னே நிறுத்துவது பெருந்தொண்டு.

இன்று பரிசு வாங்காத பிள்ளைக்குள்ளும் ஏதோ ஒரு திறமை இருக்கும். அதைக் கண்டெடுப்பது நம் கடமையல்லவா?