கூடல் வேறு, துறை வேறு: கேரோ என்னும் அமெரிக்க ஆற்றூரின் எழுச்சியும் தளர்ச்சியும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் தெற்கே போகப் போக ஒடுங்கி, ஒரு மண்நாக்காக முடிகிறது. அந்த நாக்கின் நுனியில் ஓஹையோ ஆறு மிசிசிப்பியோடு கலக்கிறது. ஓஹையோவின் அக்கரை கென்டக்கி, மிசிசிப்பியின் அக்கரை மிசௌரி. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில், சுற்றிலும் எழுப்பிய வெள்ளத்தடுப்புக் கரைகளுக்குள் அமைந்திருக்கிறது கேரோ. எழுத்தில் அது எகிப்தியத் தலைநகரின் பெயர்தான்; உள்ளூரார் நாவில் கேரோ ஆகிவிட்டது. மிசிசிப்பியை விடவும் ஓஹையோ அதிக நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம் இது. இதற்குக் கீழே கடல்வரை ஆற்றின் குறுக்கே அணையோ கப்பல்மடையோ கிடையாது. பெருநகரம் ஒன்று எழுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் உட்கண்டத்தில் இல்லை என்று 19ஆம் நூற்றாண்டின் நிலவணிகர்கள் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் 1920இல் 15,203 பேர் வாழ்ந்த ஊரில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு எண்ணியது 1,733 பேரை. நூறாண்டில் ஒன்பதில் எட்டுப் பங்கு மக்கள் குறைந்துவிட்டார்கள். ஆறுகள் இடம் மாறவில்லை. அவற்றின் மேல் நடக்கும் போக்குவரத்தும் நின்றுவிடவில்லை. அப்படியிருக்க ஊர் ஏன் கரைந்தது?

இதற்கு வழக்கமாகத் தரப்படும் விடைகள் இரண்டு. பள்ளத்தில் கட்டிய ஊரை வெள்ளம் வாழவிடவில்லை என்பது ஒன்று. இனவெறி ஊரைத் தின்றுவிட்டது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் இரண்டுமே எழுச்சியையும் தளர்ச்சியையும் ஒருசேர விளக்குவதில்லை. தமிழில் நாம் பிரித்து வழங்கும் இரண்டு சொற்கள் இங்கே உதவுகின்றன. ஆறுகள் கலக்கும் இடம் கூடல். மனிதர்கள் இறங்கி, ஏறி, சரக்கை மாற்றும் இடம் துறை. கூடலை நில அமைப்பு தருகிறது. துறையைத் தருவது பயணத்தில் நேரும் தடை: மேற்கொண்டு அப்படியே போக முடியாமல், நின்று, இறக்கி, வேறொன்றில் ஏற்றியாக வேண்டிய கட்டாயம். கேரோ வாழ்ந்தது துறையாக இருந்ததால். அந்தத் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கியதும் கூடல் மட்டும் மிஞ்சியது. அது ஊருக்குச் சோறு போடவில்லை. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

கூடல் மட்டும் ஊரை ஆக்காது என்பதற்கு முதல் சான்று கேரோவின் தோல்வியுற்ற தொடக்கங்களே. இல்லினாய் இன்னும் மாநிலமாகாத 1818ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜான் காமெகிஸ் என்ற வணிகரும் கூட்டாளிகளும் இங்கே ஒரு நகரத்துக்கும் ஒரு வங்கிக்கும் சட்டமன்ற அனுமதி பெற்றார்கள். அவர் சீக்கிரமே இறந்துபோக, நகரம் காகிதத்தோடு நின்றது. 1837இல் டேரியஸ் ஹோல்புரூக்கின் நிறுவனம் மீண்டும் முயன்றது. லண்டனில் கடன்பத்திரங்களை விற்று, கரை எழுப்பி, பட்டறைகளைக் கட்டியது. 1840இல் பத்திரங்களை விற்றுக்கொடுத்த லண்டன் நிறுவனம் திவாலானதும் பணம் வற்றியது, வேலைக்கு வந்தவர்கள் கலைந்தார்கள். 1842 ஏப்ரலில் அவ்வழியே படகில் சென்ற சார்லஸ் டிக்கன்ஸ் கண்டது அந்த மிச்சத்தை. 'மார்ட்டின் சசில்விட்' நாவலில் வரும் ஏடன் என்ற மோசடிக் குடியேற்றத்துக்குக் கேரோவே மாதிரி என்பது பரவலான கருத்து. சதுப்பைக் குறைகூறிய அவருடைய சித்திரமே பின்னாளில் நிலைத்தது. ஆனால் ஆராய்ச்சிக்கு முதன்மையான செய்தி சதுப்பு அன்று. 1818இலும் 1842இலும் இரண்டு ஆறுகளும் இதே இடத்தில்தான் கலந்தன. நீராவிப் படகு ஓர் ஆற்றிலிருந்து மற்றதுக்கு நிற்காமலே திரும்ப முடிந்தது. நிற்கத் தேவையில்லாத இடத்தில் நகரம் நிற்கவில்லை.

தேவை ரயிலோடு வந்தது. 1850இல் கூட்டாட்சி அரசு வழங்கிய நிலக்கொடையைக் கொண்டு எழுந்த இல்லினாய் சென்ட்ரல் ரயில்பாதை 1856இல் நிறைவடைந்தபோது, அதன் தெற்கு முனை கேரோவாக இருந்தது. தண்டவாளம் இங்கே முடிந்து ஆறு தொடங்கியது. சிகாகோவிலிருந்து வந்த ஒவ்வொரு மூட்டையும் இங்கே தோளேறிப் படகுக்குப் போயிற்று. உள்நாட்டுப் போர் இதையே பெருக்கிக் காட்டியது. 1861 செப்டம்பரில் வடதரப்புத் தளபதி யுலிசிஸ் கிராண்ட் இங்கே தலைமையகம் அமைத்தார். அடுத்த பிப்ரவரியில் தென்தரப்பின் ஹென்றி, டொனெல்சன் கோட்டைகளைப் பிடித்த படைகள் இங்கிருந்துதான் ஆறேறிப் போயின. 1860இல் 2,188 ஆக இருந்த மக்கள்தொகை 1870இல் 6,267 ஆயிற்று. 1873இல் கென்டக்கிப் பக்கம் ரயில்பாதை வந்துசேர்ந்த பிறகும் தடை குறையவில்லை, கூடியது. ஓஹையோவின் மேல் பாலமில்லை. ரயில் பெட்டிகளைப் படகிலேற்றிக் கடத்தினார்கள். தெற்கின் தண்டவாள அகலம் ஐந்து அடி, வடக்கின் அகலமோ நான்கு அடி எட்டரை அங்குலம். ஆகவே ஆற்றைக் கடக்கும் பெட்டியை நீராவி எந்திரத்தால் உயரத் தூக்கி, அடியிலுள்ள சக்கரச் சட்டத்தைக் கழற்றி, வேறு அகலச் சட்டத்தின் மேல் இறக்க வேண்டியிருந்தது. ஆறு, படகு, அகலம் என்று ஒரே இடத்தில் மூன்று தடைகள். ஒவ்வொன்றும் கூலியாள், கொல்லர், கணக்கர், விடுதிக்காரர் எனப் பலருக்குப் பிழைப்பு. 1872இல் எழுந்த சுங்க மாளிகையின் கல்சுவர்கள் அந்தக் காலத்துத் தன்னம்பிக்கைக்கு இன்றும் சாட்சி.

தடைகள் நீங்கிய வரிசையும் தெளிவானது. 1881இல் இல்லினாய் சென்ட்ரல் தன் தெற்குப் பாதைகளின் அகலத்தை மாற்றிக்கொண்டது. 1889 அக்டோபரில் ஓஹையோவின் மேல் ரயில் பாலம் திறந்தது. அணுகு பாலங்களையும் சேர்த்து ஏறக்குறைய நான்கு மைல் நீளம். அடியில் படகுகள் போக வேண்டுமென்பதால் பாலம் மிக உயரம். அந்த உயரத்தை எட்ட, பாதை கடைத்தெருவுக்கு வராமல் ஊரின் வடக்கிலேயே மேலேறத் தொடங்கிவிடுகிறது. இங்கே ஒரு மறுப்பு எழும்: பாலம் வந்த பிறகும் மக்கள்தொகை 1890இல் 10,324, 1900இல் 12,566, 1910இல் 14,548 என்று ஏறிக்கொண்டுதானே போனது? உண்மை. ஆனால் 1860களில் ஏறக்குறைய மூன்று மடங்கான ஊர், 1870களில் 44 விழுக்காடும் 1880களில் 15 விழுக்காடும் வளர்ந்தது. 1890களில் சற்றே நிமிர்ந்து, 1910களில் ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. அந்த இடைக்கால நிமிர்வும் துறையின் வேலைதான். ஆற்றோடு வந்த மரத்தை இங்கே கரையேற்றி அறுத்தார்கள், பலகையாக்கி ரயிலேற்றினார்கள். சாலை வாகனங்களுக்கோ இன்னும் பாலமில்லை. அவை படகுக்காகக் காத்திருந்தன.

அந்தக் காத்திருப்பும் முடிந்தது. மிசிசிப்பியின் மேல் 1929இலும், ஓஹையோவின் மேல் அடுத்த பத்தாண்டுக்குள்ளும் சாலைப் பாலங்கள் வந்தன. இன்று மிசௌரியிலிருந்து கென்டக்கிக்கு 60ஆம் எண் நெடுஞ்சாலையில் போகிற வாகனம் ஒரு பாலத்தில் இறங்கி, நிலநாக்கின் நுனியில் ஏறத்தாழ ஒரு மைல் ஓடி, அடுத்த பாலத்தில் ஏறிவிடுகிறது. ஓட்டுநர் மூன்று மாநிலங்களைக் கண்டுவிடுவார். கேரோவின் கடைத்தெருவை மட்டும் காணமாட்டார். 1978இல் 57ஆம் எண் விரைவுச்சாலையின் பாலம் ஊருக்கு மேற்கே மிசிசிப்பியைக் கடந்து, வடக்கு தெற்காகப் போனவர்களையும் கொண்டுபோயிற்று. இந்த வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று ஆற்றின் மேலேயே இருக்கிறது. கேரோவை ஒட்டிய நீர்ப்பரப்பு நாட்டின் மிகச் சுறுசுறுப்பான சரக்குப் பாதைகளில் ஒன்று. ஓஹையோவின் கப்பல்மடைகளுக்கு ஏற்ப பதினைந்து பதினைந்தாகப் பிணைத்து வரும் பார்ஜுகளை இங்கே அவிழ்த்து, மடைகளற்ற கீழ் மிசிசிப்பிக்காக முப்பது, நாற்பது என்று சேர்த்துக் கட்டுகிறார்கள். ஆக, சரக்கு கைமாறும் தொழில் சாகவில்லை. அது கரையிலிருந்து நீருக்குப் போய்விட்டது. மக்காச்சோளமும் சோயாவும் நிலக்கரியும் ஊரின் கண்முன்னே அணிமாறுகின்றன; அவற்றில் பெரும்பகுதி கரையேறுவதில்லை.

வெள்ளமே காரணம் என்போருக்கு விடை சொல்வது எளிது. 1858இல் கரை உடைந்து ஊர் மூழ்கியது மெய். ஆனால் ஊரின் மிக வேகமான வளர்ச்சி அதற்குப் பிறகுதான் நடந்தது. ஓஹையோ அளவுகோலில் 59.5 அடி பதிவான 1937 வெள்ளத்திலும், 61.72 அடி பதிவான 2011 வெள்ளத்திலும் கரைக்குள் ஊர் தப்பியது. 2011 மே 2 அன்று ராணுவப் பொறியாளர் படை அக்கரையில் பேர்ட்ஸ் பாயின்ட் கரையை வெடிவைத்துத் திறந்து, மிசௌரியின் ஏறத்தாழ 1,30,000 ஏக்கர் விளைநிலத்துக்குள் நீரை விட்டது. அதில் பின்ஹுக் என்ற கறுப்பினச் சிற்றூர் அழிந்தது. ஆகவே வெள்ளம் கேரோவைக் கொன்றது என்பதைவிட, வெள்ளத்துக்கு எதிரான காப்பு அதை இறுக்கிக் கட்டியது என்பதே பொருந்தும். வடக்குச் சாலையிலுள்ள பெரிய இரும்புக் கதவை இறக்கினால் ஊர் தீவாகிவிடும். கரைக்கு அடியில் ஊறி முற்றங்களில் தேங்கும் கசிவுநீருக்கு ஊரார் 'சைப் வாட்டர்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். விரிய இடமில்லை, சுருங்கிய ஊரும் அதே நீளக் கரையைப் பராமரித்தாக வேண்டும். இவை செலவைக் கூட்டின, ஆனால் போகும்படி யாரையும் விரட்டவில்லை.

இன ஒடுக்குமுறையை அப்படி எளிதில் கடந்துவிட முடியாது. போர்க்காலத்தில் அடிமைத்தளை அறுத்து வந்தவர்களின் புகலிடமாக இருந்த ஊரில், 1900 வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர். 1909இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற கறுப்பரை ஆயிரக்கணக்கானோர் கூடி, மின்விளக்கு வளைவின் கீழ் கொன்றார்கள். 1962இல் நீச்சல் குளத்தில் நுழைய உரிமை கேட்டுப் போராட்டம் நடந்தது. குளத்தைப் பகிர்ந்துகொள்வதைவிட மூடிவிடுவதையே நிர்வாகம் தேர்ந்தது, பின்னர் அதைக் காரையிட்டு நிரப்பினார்கள். 1967இல் 19 வயதுக் கறுப்பினப் படைவீரர் ஒருவர் காவலில் இறந்ததும் கலவரம் மூண்டது. கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்காத கடைகளை 1969 முதல் ஐக்கிய முன்னணி என்ற கறுப்பின உரிமை அமைப்பு புறக்கணிக்கச் செய்தது. பல வணிகர்கள் இணங்காமல் கடையடைத்துப் போனார்கள். கூட்டாட்சி அரசின் குடிமை உரிமைகள் ஆணையம் 1972இல் இங்கேயே விசாரணை நடத்தி, மறுவருடம் அறிக்கை வெளியிட்டது. இவ்வளவுக்குப் பிறகு போக்குவரத்தை முதற்காரணமாகச் சொல்வது குற்றத்தை மறைப்பதாகாதா என்பது நியாயமான கேள்வி.

விடை காலவரிசையில் இருக்கிறது. 1950க்கும் 1960க்கும் இடையில், அதாவது குளப் போராட்டத்துக்கும் புறக்கணிப்புக்கும் முன்பே, ஊர் 12,123இலிருந்து 9,348 ஆகச் சுருங்கிவிட்டது. அடுத்த பத்தாண்டில் அது 6,277 ஆனது. வேகம் கூடியதில் மோதலின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒடுக்குமுறை 1960களில் பிறந்ததன்று. ஊர் வளர்ந்துகொண்டிருந்த 1909இலும் அது இருந்தது. எழுச்சியிலும் வீழ்ச்சியிலும் மாறாதிருந்த ஒன்று, மாற்றத்தைத் தனியே விளக்காது. மாறியது அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்பதே. துறையில் வேலை நிறைந்திருந்தவரை ஒதுக்கலின் விலையைக் கறுப்பினத்தவர் மட்டுமே கொடுத்தார்கள். வெள்ளையரின் கடைகள் கூட்டத்தால் நிரம்பின. துறை அற்றபின் கடைகளுக்கு மிஞ்சிய வாடிக்கையாளர்களில் பெரும்பங்கினர் அந்த ஒதுக்கப்பட்டவர்களே. அவர்களை விலக்கிவைத்த ஊர் தன் கடைசிச் சந்தையைத் தானே மூடியது. போக்குவரத்து ஊரின் பழைய தொழிலைப் பறித்தது. இன ஒழுங்கு புதிய தொழிலைத் தேடவிடாமல் செய்தது.

அண்டை ஊர்கள் இந்த வேறுபாட்டை உறுதிசெய்கின்றன. கேப் ஜிரார்டோவும் படூக்காவும் இதே ஆறுகளின் கரையில், இதே நீராவிப் படகுகளை இழந்த ஊர்கள். ஆனால் முன்னதில் 1873 முதல் ஓர் ஆசிரியர் கல்லூரி இருந்தது, அது பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பின்னதை ஒட்டி 1950களில் யுரேனியம் செறிவூட்டும் ஆலை வந்தது. துறை மெலிந்தபோது அவற்றுக்கு ஊன்ற வேறொரு கோல் இருந்தது. கேரோவிலோ மருத்துவமனை 1986இல் மூடியது; 2017இல் பழுதடைந்த இரண்டு பொதுக் குடியிருப்புகளைக் கைவிட முடிவாகி, நூற்றுக்கணக்கானோர் வெளியேற நேர்ந்தது. 2020இல் புதிய ஆற்றுத் துறைமுகத்துக்கென மாநில அரசு 40 மில்லியன் டாலர் அறிவித்தபோது எழுந்த நம்பிக்கை 1818இன் நம்பிக்கையை நினைவூட்டுகிறது, இரண்டும் ஒரே வரைபடத்தைக் காட்டிப் பேசுவதால். அத்திட்டத்தை எடைபோட உதவும் கேள்வி எத்தனை பார்ஜுகள் கடந்துபோகின்றன என்பதல்ல. அவற்றில் எத்தனை இங்கே நின்றாக வேண்டியிருக்கும், நிற்கும்போது கிடைக்கும் வேலை ஊரில் யார் கைக்குப் போய்ச்சேரும் என்பவையே. முதல் கேள்விக்கு விடையில்லாததால் ஹோல்புரூக்கின் நகரம் கலைந்தது. இரண்டாவதற்குத் தவறான விடை சொன்னதால் 1969இன் கேரோ கடையடைத்தது.