எரிக்கும் உரிமையும் பேசும் உரிமையும்: பூண்டுலோயாவிலிருந்து ஒரு சட்ட வரலாறு

மாசி மாதத்தில் இலங்கை மலையகத்தின் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு தெய்வத்தை எரிப்பார்கள். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படும். கரும்பும் ஆமணக்குக் கொம்பும் வைக்கோற்பிரியும் சேர்த்துக் கட்டிய கம்பம். காப்புக் கட்டியவர்கள் அன்று முதல் விரதம். இரவானால் தப்பு முழங்கும், ரதியும் காமனாகிய மதனும் தொழிலாளர் லயங்களைச் சுற்றி ஆடி வருவார்கள். பௌர்ணமியன்று சிவன் நெற்றிக்கண் திறக்க, மதன் எரிவான். ரதியின் ஒப்பாரியைக் கேட்டு, கதையின் முடிவு தெரிந்த பெண்களும் அழுவார்கள். பின்பு மதன் எழுப்பப்படுவான், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவனாக.

இந்தக் கூத்தின் தாயகமான தஞ்சை வட்டாரத்தில் காமன் பண்டிகையோடு லாவணியும் உண்டு. ஒரு தரப்பு எரிந்த கட்சி, மறு தரப்பு எரியாத கட்சி. கடவுள் எரிந்தாரா இல்லையா என்று விடிய விடிய வாதாடுவார்கள். தோற்றவரை யாரும் பொலிசில் ஒப்படைத்ததில்லை.

இலங்கையில் மத நிந்தனைச் சட்டங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கொழும்பின் நீதிமன்றங்களைச் சுற்றியே நகர்கின்றன. மலையகத் தோட்டங்கள் அவற்றில் வருவதில்லை. புனிதச் சின்னத்தை எரிப்பது, அதைப் பற்றிப் பேசுவது, பேசியதற்காகத் தண்டிக்கப்படுவது ஆகிய மூன்றும் தோட்ட மக்கள் வாழ்வில் எப்படி வந்து சேர்ந்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சட்டத்தின் வேர் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது அது. மதம் சார்ந்த குற்றங்களுக்கென்று ஒரு தனி அத்தியாயமே அதில் உண்டு. 290ஆம் பிரிவின்படி, ஒரு வழிபாட்டிடத்தையோ, மக்களில் எந்தவொரு வகுப்பினரும் புனிதமாகக் கருதும் பொருளையோ, அவமதிக்கும் கருத்தோடு அழித்தால் குற்றம். பிற்பாடு சேர்ந்த 291அ, 291ஆ பிரிவுகள் பொருளைத் தாண்டிப் பேச்சுக்கும் உணர்வுக்கும் வந்தன. இந்தச் சட்டத்தின் கண்ணில் காமன் கம்பம் என்ன? ஒரு வகுப்பினர் புனிதமாகக் கருதும் பொருள்தான். அது அழிக்கப்படவும் செய்கிறது. அவமதிக்கும் கருத்து இல்லை என்பது ஒன்றே கூத்தாடிகளைக் காப்பாற்றுகிறது. ஆகவே தீ இங்கே பிரச்சினை அல்ல. தீ வைத்தவன் மனதில் என்ன இருந்தது என்பதே பிரச்சினை. அந்த மனதை முதலில் வாசிப்பவர் நீதிபதி அல்லர், பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி.

இந்தப் பிரிவின் இந்திய மூலத்தைத் தமிழகத்தில் கூர்மையாகச் சோதித்தவர் பெரியார். 1953 மே 27ஆம் திகதி, புத்தர் பிறந்த நாளில், திருச்சி நகர மண்டப மைதானத்தில் அவர் பிள்ளையார் மண்சிலையைப் போட்டு உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குத் தொடுத்தார். மண்ணில் செய்த பொம்மை கடவுளைப் போல் இருப்பதால் மட்டும் புனிதப் பொருள் ஆகிவிடாது என்று கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. எவ்வளவு அற்பமான பொருளானாலும் ஒரு வகுப்பினர் அதைப் புனிதமாகக் கருதினால் போதும் என்றது. ஆனால் காலம் கடந்துவிட்டதால் வழக்கை மீண்டும் திறக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. பெரியார் தப்பினார், அவருக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவு குறுகியது. இதற்கிடையே 1956 ஓகஸ்டில் இராமர் படம் எரிப்புப் போராட்டமும் நடந்து முடிந்திருந்தது.

பெரியார் 1932இல் ஐரோப்பியப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் இலங்கையில் தங்கிப் பேசியவர். சுயமரியாதைக் கருத்து இந்தத் தீவில் வேர்விட்டு, பின்னர் ஏ. இளஞ்செழியன் தலைமையில் இலங்கை திராவிட முன்னேற்றக் கழகமாக மலையகத்துக்குள் பரவியது. சீர்திருத்தத் திருமணம், தமிழர் திருநாளாகப் பொங்கல், திருக்குறள் என்று லயத்துக்குள் வந்த புதிய பேச்சு அது. 1962 ஒக்டோபரில் அரசு அந்தக் கழகத்தைத் தடை செய்தது. கடவுளைப் பழித்தார்கள் என்பதற்காக அந்தத் தடை வரவில்லை. சாமியை மறுத்தவர்களை அரசு பொருட்படுத்தவில்லை. நாடற்றவர்கள் அரசியல் பேசியதைத்தான் அது பொறுக்கவில்லை என்பது என் வாசிப்பு.

பேச்சுக்குத் தோட்டத்தில் இடம் ஏது என்ற கேள்வி அதற்கும் மூத்தது. டன்சினன், ஷீன், ஹரோ, ஈட்டன் என்று பூண்டுலோயாவின் தோட்டங்கள் பிரித்தானியப் பெயர் சுமப்பவை. ஈட்டனும் ஹரோவும் இங்கிலாந்துப் பிரபுக்களின் பள்ளிக்கூடங்களுக்கும் பெயர்; அந்தப் பெயரைத் தாங்கிய தோட்டங்களில் பிள்ளைகள் கொழுந்துக் கூடை தூக்கின. லயமும் பாதையும் கோயிலும் கம்பனியின் நிலம். வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் போனது இதனால்தான். தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர், 1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கு முதற் பெரும் தொழிற்சங்கத்தை அமைத்தவர், பேசுவதற்காக மூட்டை சுமக்க வேண்டியிருந்தது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் துயரத்தைச் சிந்தாகக் கட்டினார். படிக்காத சனத்திடம் செய்தி போக வேண்டுமானால் அது பாட்டாக இருக்க வேண்டும் என்று இருவரும் அறிந்திருந்தார்கள்.

கோயிலுக்குத் துரைமார் தடை சொன்னதில்லை. திருவிழாவுக்கென்று செக்றோல் என்ற சம்பளப் பதிவேட்டில் காசு பிடித்துக் கொடுக்கவும் செய்தார்கள். ஆளைப் பிரட்டுக்கு, அதாவது காலைக் கணக்கெடுப்புக்கு, அழைக்கும் அதே தப்பு, திருவிழா இரவில் சாமிக்கு முழங்கும். கூட்டம் கூடுவதற்குத் தோட்டத்தில் தடையில்லாத ஒரே காரணம் சாமிதான். ஆகவே எள்ளலும் குறையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மாமன் மகனே’யைப் புரட்டினால், கங்காணியையும் துரையையும் அந்தச் சனம் எவ்வளவு துணிவோடு பாடியிருக்கிறது என்பது தெரியும். சட்டம் தராத கருத்துரிமையை வழிபாடு தந்தது என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்வதில் கொஞ்சம் இனிப்பு கூடிவிடும். சாமியின் பெயரால் கிடைத்த இடத்தில் சாதியும் கூடவே உட்கார்ந்திருந்தது.

மேடைப் பேச்சு வெளிப்படையாகச் சோதனைக்கு வந்தது 1937இல். மடுல்கலை பக்கத்து ரெலுகஸ் தோட்டத்தில் துரை வேலை பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர், வேலையிலிருந்து நீக்கப்பட்டு லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில், கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்ட கூட்டத்தில், தோட்டத்துரைமாரைத் தாக்கிப் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். மே 18இல் பிரதம நீதியரசர் சிட்னி ஆபிரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. மலையகத்தில் பேச்சுரிமைக்குக் கிடைத்த பெருவெற்றி என்று இதைக் கொண்டாடுகிறோம்; கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அன்று மேடைக்குக் கீழே நின்று கைதட்டிய தொழிலாளி மறுநாள் காலையில் அதையே பிரட்டுக்களத்தில் சொல்லியிருந்தால், அவனுக்காக ஆட்கொணர்வு மனு போட யார் இருந்தார்கள்?

மதச் சகிப்பு பற்றிய பழைய வழக்கு ஒன்றும் இதே பிரதேசத்தில்தான் பிறந்தது, கம்பளையில். அங்குள்ள வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹர ஊர்வலம் அம்பகமுவ வீதி வழியாகப் போகும். அந்த வீதியில், இந்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த முஸ்லிம்களின் பள்ளிவாசல் எழுந்தது. பள்ளிவாசலை நெருங்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டும் என்று அதிகாரிகள் கட்டுப்பாடு விதித்தார்கள். தேவாலயத்தின் நிர்வாகியான பஸ்நாயக்க நிலமே நீதிமன்றம் போனார். கையில் அவர் எடுத்தது 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கை. அதன் ஐந்தாம் உறுப்புரை பௌத்த மதத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக வாக்களித்திருந்தது. 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டியில் பள்ளிவாசலுக்கு முன்னால் ஊர்வலம் தடைப்பட்டபோது கலவரம் மூண்டு நாடெங்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகள் ஆயிரக்கணக்கில் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிந்தன. அரசு இராணுவச் சட்டம் போட்டு, குற்றம் செய்தவரையும் செய்யாதவரையும் சுட்டது. பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் சிங்களவர் பக்கம் நின்று வாதாடிப் புகழ் பெற்றார்; எரிந்த பள்ளிவாசல்களுக்காக அந்தக் குரல் போதிய அளவு எழவில்லை என்ற முஸ்லிம்களின் மனக்குறை இன்றும் ஆறவில்லை.

கம்பளை வழக்கை நான் இவ்வளவு விரிப்பதற்குக் காரணம் உண்டு. இருதரப்புக்கும் அது உரிமைப் பிரச்சினை. ஒருவருக்கு மேளம் வழிபாடு, மற்றவருக்கு அது தொழுகைக்கு இடைஞ்சல். நூறாண்டு உடன்படிக்கையைக் காட்டி ஒருவர் கேட்டார், பொது அமைதியைக் காட்டி அரசு மறுத்தது. நீதிமன்றம் தீர்த்துவைத்தது, வீதி தீர்க்கவில்லை. அன்று முதல் இந்த நாட்டில் மத உரிமை பற்றிய வாதங்களில் ‘எங்கள் மதத்துக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது’ என்ற குரல் விடாமல் ஒலிக்கிறது. 1972இன் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடத்தைக் கொடுத்தது. 1978இன் 9ஆம் உறுப்புரையும் அதையே தொடர்ந்தது.

அந்த 1978 அரசியலமைப்பில் தோட்ட மக்களைப் பற்றிய ஒரு வரி இருக்கிறது. அவர்கள் பெயர் மட்டும் அதில் இல்லை. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ‘ஒவ்வொருவருக்கும்’ தருகிறது. 14ஆம் உறுப்புரையின் முதற் பந்தி பேச்சு, ஒன்றுகூடல், மதத்தை வெளிப்படையாகப் பின்பற்றுதல் ஆகியவற்றை ‘ஒவ்வொரு பிரசைக்கும்’ தருகிறது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர்களின் நிலை? வேறெந்த நாட்டின் பிரசையாகவும் இல்லாமல், இங்கே சட்டப்படி நிரந்தரமாக வாழ்ந்து வருவோருக்கு அந்த உரிமைகள் பத்தாண்டுக்கு உண்டு என்கிறது இரண்டாம் பந்தி. பூண்டுலோயாவில் மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த, பிரசாவுரிமை கிட்டாத ஒரு பெண்ணுக்குக் கடவுளை நம்பும் உரிமை நிரந்தரம். அந்தக் கடவுளைத் தூக்கிக்கொண்டு வீதியில் போகும் உரிமையும் வாய் திறந்து பேசும் உரிமையும் 1988 வரைக்குமான குத்தகை. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் பிரசாவுரிமைப் பிரச்சினை படிப்படியாகத் தீர்ந்தது. அந்தக் குத்தகைக் காலத்திலேயே, 1983 ஜூலையில், நுவரெலியா நகரத்தில் தமிழரின் கடைகள் எரிந்தன. அதற்கு முன் 1977இலும் 1981இலும் தோட்டத்து லயங்கள் தாக்கப்பட்டிருந்தன. மத உணர்வைக் காக்கும் 290ஆம் பிரிவும் அதன் கூட்டாளிகளும் அந்த இரவுகளில் புத்தகத்திலேயே கிடந்தன.

2007இல் ஒரு புதிய ஆயுதம் வந்தது: குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம், இலக்கம் 56. வன்முறையையோ பாகுபாட்டையோ தூண்டும் மத வெறுப்பைப் பரப்புவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. பிணை பெற மேல் நீதிமன்றம் போக வேண்டும். சிறுபான்மையைக் காக்கும் உலகச் சட்டத்தின் வாசகம்தான் இது. நடைமுறை வேறு வழியில் போயிற்று. 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், பிக்குகளைப் பற்றிய ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அடுத்த மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் சட்டையில் அச்சிட்டிருந்த கப்பல் சுக்கானைத் தர்மசக்கரம் என்று பொலிசார் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியல். 2020 ஏப்ரலில் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ரம்ஸி ராசிக் ஒரு முகநூல் பதிவுக்காகக் கைதாகி ஐந்து மாதம் அடைபட்டார். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சைப் பேனாவாலும் கணினியாலும் எதிர்க்கச் சொன்ன பதிவு அது. 2023இல் உயர் நீதிமன்றம் அவருக்குப் பத்து இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

எதிர்ச்சான்றும் உண்டு, மறைப்பது ஆய்வுக்கு அழகல்ல. இஸ்லாத்தை இழிவுபடுத்திய பேச்சுகளுக்காகக் பௌத்த பிக்குவான கலகொட அத்தே ஞானசார தேரருக்கு 2024இலும் 2025 ஜனவரியிலும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டும் 2016இல் பேசிய பேச்சுகள். ஒருவர் பேச்சுக்கும் தண்டனைக்கும் இடையில் எட்டாண்டு. மேலே சொன்ன மற்றவர்களுக்கு முதலில் சிறை, பிறகு வழக்கு. ஒரே சட்டத்தொகுதி யார் பக்கம் விரைகிறது, யார் பக்கம் தளர்நடை போடுகிறது என்பதை இந்தக் கால இடைவெளியில் அளக்கலாம்.

புனித நூலை எரிப்பதைத் தடுக்க 2023 டிசம்பரில் டென்மார்க் தனிச் சட்டம் இயற்றியது. இங்கும் அப்படியொன்று தேவை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த வரலாறு தரும் பதில் எளிது: அந்தச் சட்டம் 1883 முதல் நம்மிடம் இருக்கிறது. அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரை ‘இன, மத ஒற்றுமை’யின் பொருட்டுப் பேச்சைக் கட்டுப்படுத்த அனுமதிக்கிறது, தண்டனைச் சட்டக்கோவையோ ‘மத உணர்வை’ வேண்டுமென்று புண்படுத்துவதையே குற்றமாக்குகிறது. ஒற்றுமை குலைந்ததா என்பதற்குச் சாட்சி தேட வேண்டும், உடைந்த கடை, ஓடிய சனம், எரிந்த கூரை. உணர்வு புண்பட்டதற்கு ஒரு முறைப்பாட்டாளர் போதும். முறைப்பாட்டை ஏற்கும் நிலையத்தில் எந்த மொழியில் வாக்குமூலம் எழுதப்படுகிறது, அதைப் படித்துக் கையெழுத்திட யாருக்கு முடியும் என்பதைத் தோட்டத்து ஆள் ஒருவரிடம் கேட்டாலே சொல்வார். நிலத்தின் கதையும் மாறவில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. காமன் பொட்டல் இன்றும் கம்பம் ஊன்றுகிறவர்களின் பெயரில் இல்லை.