கைதியின் உளியும் மரமறுக்கும் இயந்திரமும்

மரவேலை இயந்திரத்தின் பிறப்பில் சிறைச்சாலைக்கும் பங்குண்டு என்பதை நம்மவரிற் பலர் அறியார். ஆங்கில அறிஞர் ஜெரமி பெந்தாம் கைதிகளைக் கொண்டு தொழில் நடத்தும் புதுவகைச் சிறையொன்று கட்ட விரும்பினார். தொழிலறியாத கைதி மரத்தை இழைப்பது எங்ஙனம்? அவர் தம்பி சாமுவேல் பெந்தாம் அறுக்கவும் இழைக்கவும் துளைக்கவும் இயந்திரங்களை வகுத்து 1793-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். திறமை இரும்பிடம் இருக்கட்டும், மனிதனிடம் வேண்டாம் என்பதே அதன் கருத்து.

அச்சிறை எழவில்லை. சாமுவேல் கடற்படைப் பணிக்குச் சென்றார். அவர் ஆதரவில் புரூனல் வகுக்க, மாட்ஸ்லே செய்த இயந்திரங்கள் போர்ட்ஸ்மத் துறையில் கப்பற் கப்பிகளைச் செய்தன. 1808 அளவில் 110 பேர் வேலையைப் பத்துப் பேர் செய்து, ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் தந்தனராம். மற்ற நூறு பேரின் அடுப்பைப் பற்றி நாமாவது நினைக்க வேண்டாவா? அவ்வியந்திரங்களிற் சில லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் காக்கப்படுகின்றன.

நிற்க. சிங்கப்பூரில் நடந்ததோ நேர்மாறு. 1825-இல் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் இங்கே கொணரப்பட்டனர். சென்னை மாகாணத்துத் தமிழரும் அவருள் இருந்தனர். பிராஸ் பாசா சிறைப் பட்டறைகளிலே கைதிகள் தச்சராயினர், கொல்லராயினர். சிராங்கூன் சாலையில் செங்கல் அறுத்தனர். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், 1869-இல் முடிந்த கவர்னர் மாளிகையாகிய இன்றைய இஸ்தானாவும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. அக்கைகளுக்குரியோர் பெயரை இன்று யார் சொல்வார்?

பின்னாளில் காலாங் ஆற்றோரம் மரஆலைகள் இரைந்தன; அவை சுங்கை காடுட்டுக்குப் பெயர்ந்தன. அவ்வட்டாரத்தையும் மாற்றியமைக்கும் திட்டம் 2020-இல் வெளியாயிற்று. ஆலை கலையும்பொழுது இயந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போவது எங்கும் வழக்கம்.

அதை மீட்பது எளிதன்று. துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். அச்சுத்தண்டு சுழலும் இடம் தேய்ந்திருந்தால் வெள்ளீயக் கலவையை உருக்கி வார்த்து, தண்டு தடையின்றிச் சுற்றும்வரை பொறுமையாகச் சுரண்ட வேண்டும். இதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. பழைய இழைப்பு இயந்திரங்களின் கத்திகள் சதுர உருளையில் பூட்டப்பட்டவை. நழுவிய கையை அவ்வுருளை உள்ளிழுத்து விரல்களைத் துண்டித்துவிடும். வட்ட உருளை வந்த பின்னரே அபாயம் குறைந்தது. பழமை கெடாதிருக்கச் சதுர உருளையையே வைப்பதா? காட்சிக்கு வைக்கலாம், ஓட்டலாகாது என்பது நம் கருத்து.

அருகே மாட்டும் பலகையில் கம்பெனியின் பெயரும் ஆண்டும் மட்டும் போதா. ஓட்டியவர் யார், எவ்வூரார், எத்தனை விரல் இழந்தார் என்பதும் வேண்டும். அவ்வாலைகளில் உழைத்த முதியோரைத் தேடிச் செல்வோர் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டு போகட்டும்.