மண்ணுக்கடியில் உழைத்தவர்கள்: முதல் உலகப்போரின் சுரங்கப் படையினரும் வழித்தோன்றல்களும்

1914 டிசம்பர் 20 அன்று வட பிரான்சின் ஜிவன்ஷி அருகே, இந்தியப் படையின் சிர்ஹிந்த் பிரிகேட் காவல் காத்த பதுங்குகுழிகளுக்கு அடியில் ஜெர்மானியர் பத்துச் சிறு வெடிசுரங்கங்களை வெடிக்கச் செய்தனர். மேற்குப் போர்முனையில் நிலத்தடிப் போர் பெரிதாக மூள இதுவே காரணமாயிற்று. 1915 பிப்ரவரியில் பிரிட்டன் தன் பொறியாளர் படையில் சுரங்கக் கம்பெனிகளைத் திரட்டத் தொடங்கியது. அந்த முயற்சிக்கு உயிரூட்டியவர் கட்டுமான ஒப்பந்தக்காரரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் நார்ட்டன் கிரிஃபித்ஸ். மான்செஸ்டர் நகரின் கழிவுநீர்ப் பாதைகளைத் தோண்டிக்கொண்டிருந்த தம் தொழிலாளர்களையே சில நாட்களுக்குள் அவர் போர்முனைக்கு அழைத்துச் சென்றார்.

இப்படைக்கு வந்தவர்கள் தங்கள் கைத்தொழிலோடு வந்தார்கள். களிமண் நிலத்தில் ஒருவர் சாய்ந்த பலகைச் சட்டத்தில் முதுகைக் கொடுத்து, இரு கால்களாலும் மண்வெட்டியை உதைத்து மண்ணுக்குள் செலுத்துவார். இன்னொருவர் பெயர்ந்த மண்ணை மூட்டையாக்குவார். மூன்றாமவர் அதைச் சிறு தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோவார். கடப்பாரை விழும் சத்தம் இதில் இல்லை. அந்த அமைதியே அவர்களுடைய கவசம். ஏனெனில் எதிர்ப்புறத்தில் ஜெர்மானியச் சுரங்கக்காரர்களும் சுவரில் காது வைத்திருந்தார்கள். ஜியோஃபோன் போன்ற கருவிகளால் மண்ணின் அதிர்வை இரு தரப்பும் ஒட்டுக்கேட்டன. வெடிப்புக்குப் பின் தேங்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையின்றிக் கொல்லும். அதை அறியக் கூண்டில் கானரிக் குருவிகளை உடன் கொண்டுசென்றார்கள். திறமை மிக்கவருக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் கூலி. காலாட்படைச் சிப்பாயின் ஊதியத்தைவிட இது பல மடங்கு அதிகம்.

1917 ஜூன் 7 அதிகாலை 3.10 மணிக்கு பெல்ஜியத்தின் மெசின் குன்றுத் தொடரின் கீழ் பிரிட்டிஷ் தரப்பு வைத்த 19 வெடிசுரங்கங்கள் வெடித்தன. ஏறத்தாழ 450 டன் வெடிமருந்து அவற்றில் நிரப்பப்பட்டிருந்தது. வரலாற்று நூல்கள் அந்த விடியலை விரிவாகப் பேசுகின்றன. அதற்குமுன் ஓராண்டுக்கும் மேலாக நீரோடும் களிமண்ணோடும் போராடிய கைகளைப் பற்றி அவை குறைவாகவே பேசுகின்றன. வழித்தோன்றல்கள் செய்யும் நினைவுப் பணி இந்தக் குறையைத்தான் நிரப்புகிறது.

நினைவு தாமதமாக வந்ததற்குக் காரணங்கள் உண்டு. வேலையே இரகசியமானது. கம்பெனிகள் சிறியவை, பெரிய ரெஜிமென்ட்டுகளுக்குரிய மரபும் கொடியும் அவற்றுக்கு இல்லை. போர் முடிந்ததும் உழவர்கள் பள்ளங்களைத் தூர்த்து நிலத்தை உழுதார்கள். இறந்தவர்களில் பலர் இறந்த இடத்திலேயே புதைந்துபோனதால், குடும்பத்தார் சென்று வணங்கக் கல்லறையும் இல்லை.

வில்லியம் ஹாக்கெட்டின் கதை இதற்குச் சான்று. படையில் சேர வயது மீறியவர் என்று மறுக்கப்பட்டும், பின்னர் சுரங்கக் கம்பெனியில் சேர்ந்த நிலக்கரித் தொழிலாளி அவர். 1916 ஜூன் 22 அன்று ஜிவன்ஷியில் ஜெர்மானிய வெடிசுரங்கம் வெடித்தபோது, அவரும் வேறு நான்கு பேரும் உள்ளே அடைபட்டார்கள். பல மணி நேரத்துக்குப் பின் மீட்புக் குழுவினர் ஒரு துளை போட்டனர். மூவரை அதன் வழியே வெளியேற்றிய ஹாக்கெட், படுகாயமுற்ற தாமஸ் காலின்ஸ் என்ற இளைஞரை விட்டுவர மறுத்தார். சுரங்கம் இடிந்தது, இருவரும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். ஹாக்கெட்டுக்கு விக்டோரியா கிராஸ் வீர விருது வழங்கப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் சுரங்கப் படையினருக்கான நினைவுச்சின்னம் எழுந்தது 2010 ஜூன் 19 அன்றுதான். 94 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பிரான்சின் அராஸ் நகரத்தின் கதை இதற்கு இணையானது. 1916 மார்ச்சில் பிரான்ஸ் வந்த நியூஸிலாந்து சுரங்கக் கம்பெனியில் தங்கச் சுரங்க ஊரான வைஹியின் தொழிலாளர்களும் இருந்தார்கள். அராஸ் நகருக்கடியில் இடைக்காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த குழிகள் இருந்தன. அவற்றை அவர்கள் ஒன்றோடொன்று இணைத்தார்கள். ஆக்லாந்து, வெலிங்டன், நெல்சன், பிளென்ஹைம், கிரைஸ்ட்சர்ச், டனீடின் எனத் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களை வடக்கிலிருந்து தெற்காகச் சூட்டினார்கள். 1917 ஏப்ரல் 9 அன்று அங்கே தொடங்கிய பிரிட்டிஷ் தாக்குதலுக்கு முன் சுமார் 24,000 வீரர்களைத் தங்கவைக்க வல்லதாயிற்று அந்த நிலத்தடி நகரம். பின்னர் மறதியில் மூழ்கிய அக்குகைகளை 1990இல் தொல்லியலாளர் அலேன் ஜாக் மீண்டும் கண்டறிந்தார். 2008இல் வெலிங்டன் குகை அருங்காட்சியகமாயிற்று. சுவரில் தீட்டிய ஊர்ப்பெயர்கள் அழியாதிருந்தன. 2016இல் வைஹியிலும் சுரங்கப் படையினருக்கு நினைவிடம் அமைந்தது. பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் தம் முன்னோர் எங்கே வேலை செய்தார்கள் என்பதைக் காட்ட இன்று இரு முனைகளிலும் இடம் உண்டு.

இத்தகைய நினைவுகூரல் வெற்றிக் கொண்டாட்டமாகச் சுருங்கிவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். மெசின் குன்றின் கீழ் மாண்ட ஜெர்மானியருக்கும் வழித்தோன்றல்கள் உண்டு. அவர்கள் தரப்புச் சுரங்கக்காரர்களும் இதே தொழிலாளர் குலத்தவரே. ஜிவன்ஷியில் முதல் அடியைத் தாங்கிய இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் சற்றுத் தொலைவிலுள்ள நவ் ஷாப்பேலில் 1927இல் எழுப்பப்பட்ட நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன; அவர்களையும் இந்த வரலாற்றிலிருந்து பிரித்துவிட முடியாது.

தாத்தா விட்டுச்சென்ற ஊதியப் புத்தகம், பணிவிடுவிப்புச் சான்று, நிழற்படம், வீட்டில் அவர் சொன்ன ஓரிரு சொற்கள் ஆகியவை ஆவணக் காப்பகத்தைச் சேர வேண்டும். அவர் எந்த ஊரில் எந்தச் சுரங்கத்தில் கூலி வேலை பார்த்தார் என்பதையும் பதக்கத்தின் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். படைத்துறை ஏட்டில் ஓர் எண்ணாக நிற்பவரை மீண்டும் ஒரு தொழிலாளியாக, ஒரு குடும்பத்தின் தகப்பனாக நிலைநிறுத்த அந்தக் குடும்பத்தால்தான் முடியும்.