தாத்தா விட்டுச்சென்ற வாழைமர நோட்டு



கமுந்திங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் சிலவற்றின் பழைய தகரப் பெட்டிகளில் ஜப்பான் காசு இன்றும் கிடக்கிறது. "இதற்கு என்ன விலை கிடைக்கும், டீச்சர்?" எனப் பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு.

1942 முதல் 1945 வரை மலாயாவை ஆண்ட ஜப்பானியர் வெளியிட்ட தாள்கள் இவை. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்ததால் இப்பெயர் வந்தது. வரம்பின்றி அச்சிட்டதால் போர் முடியுமுன்னரே மதிப்பு சரிந்தது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அவை செல்லாக்காசாயின. கூலியைச் சேர்த்து வைத்தோர் வெறுங்கையராயினர்.

சேகரிப்போர் முதலில் பார்ப்பது எண்ணை. தொடக்கத்தில் வந்த தாள்களில் வரிசை எண் உண்டு. பின்னர் வந்தவற்றில் எழுத்துகள் மட்டுமே. எண்ணுள்ளவை அரியவை, ஆதலின் விலையும் மிகுதி. அடுத்து மடிப்பு, கிழிசல், கறை ஆகியவற்றைப் பார்ப்பர். எண்ணில்லாத பத்து வெள்ளித் தாள்கள் ஏராளமாக உள்ளமையால் பெருந்தொகை கிடைக்காது.

எனினும், அதை ஈட்டியவர் யார், எந்தத் தோட்டத்தில் என்பன சந்தை விலையில் சேர்வதில்லை. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. நம் வீட்டுத் தாளுக்குரியவர் பெயரையேனும் நாம் பதியலாமே!

ஆகவே, விற்கும் எண்ணம் இருப்பினும், முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பெயர், தோட்டம், செய்த வேலை மூன்றையும் ஒரு தாளில் எழுதி நோட்டுடன் வையுங்கள். அதன்பின் விலை பேசலாம்.