கோப்புக்கு இன்னொரு பெயர்



போன கிழமை ஒரு சகோதரர் பென் ட்ரைவ் ஒன்றோடு வந்தார். "சேர், மௌத்தான வாப்பாட போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு, திறக்குதில்ல" என்றார். பார்த்தேன். உள்ளே ஷோர்ட்கட் மட்டும்தான். படங்கள் இருந்த கணினியை போமட் பண்ணியாயிற்று. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் வேலையைத் தொடங்கினார்கள். அதில் கோப்பு வேறு, பெயர் வேறு என்று பிரித்தார்கள்.

நமது பாடசாலைச் சேர்வு இடாப்பை நினைத்துப் பாருங்கள். பிள்ளையை வீட்டில் ஒரு பெயரால் அழைப்போம், வகுப்பில் இன்னொரு பெயரால். சேர்விலக்கம் ஒன்றுதான். யுனிக்ஸிலும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதற்குப் பெயர் ஐநோட். கோப்புறை என்பது எந்தப் பெயருக்கு எந்த இலக்கம் என்று எழுதிய பட்டியல்.

1971 நவம்பரில் வெளிவந்த முதலாவது யுனிக்ஸ் கைநூலிலேயே 'எல்என்' கட்டளை இருக்கிறது. கட்டளை வரியில் எல்என், பழைய பெயர், புதிய பெயர் என்று தட்டினால் அதே இலக்கத்துக்கு இரண்டாவது பெயர் கிடைக்கும். பிரதி எடுபடாது. ஒரு பெயரை அழித்தாலும் மற்றப் பெயரில் கோப்பு இருக்கும். கடைசிப் பெயரும் போனால்தான் கோப்பு போகும். இதுதான் வன் இணைப்பு.

ஆனால் ஒரு பாடசாலையின் சேர்விலக்கம் அடுத்த பாடசாலையில் வேறொரு பிள்ளையுடையது. அதுபோல வன் இணைப்பும் வேறொரு வட்டுக்குச் செல்லாது. 1983இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி இதற்கு வழி தந்தது. 'எல்என் -எஸ்' என்று தட்டினால் இலக்கத்துக்குப் பதிலாக, கோப்பு இருக்கும் பாதை எழுதி வைக்கப்படும். இது குறியீட்டு இணைப்பு. யுனிக்ஸுக்கு முந்திய மல்டிக்ஸிலும் இந்த யோசனை இருந்தது. விலாசம் எழுதிய துண்டு மாதிரி, எந்த வட்டையும் காட்டும். வீட்டை இடித்துவிட்டால் துண்டு மட்டும் மிஞ்சும்.

விண்டோஸ் 95இல் வந்த ஷோர்ட்கட்டும் இப்படியொரு விலாசத் துண்டுதான். விஸ்டாவில் 'எம்கேலிங்க்' கட்டளை வந்தது. அதில் புதிய பெயரை முதலில் எழுத வேண்டும். யுனிக்ஸுக்கு நேர்மாறு. ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகள் கவனியுங்கள்.

அந்தச் சகோதரர் பென் ட்ரைவில் கொண்டு வந்ததும் விலாசத்தைத்தான், வீட்டை அல்ல.

இன்றிரவே உங்கள் பென் ட்ரைவைத் திறந்து அளவைப் பாருங்கள். ஓரிரு கிலோபைட் மட்டும் காட்டினால் உள்ளே படம் இல்லை, விலாசம்தான். வன் இணைப்பும் காப்புப் பிரதி ஆகாது. வட்டு பழுதானால் எல்லாப் பெயரும் ஒன்றாகப் போய்விடும். உண்மையான பிரதியை வேறு வேறு இரண்டு இடங்களில் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் படங்கள் இருப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.