கைப்போக்குக் குயில்டிங்: பூத்துணிப் போர்வைகளில்

மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்னும் மூன்று அடுக்கையும் ஒன்றாகப் பிணைக்க, தையல் மெஷினின் ஊசிக்குக் கீழே துணியைக் கையாலேயே விரும்பிய திசைக்கெல்லாம் நகர்த்தித் தைக்கும் முறை கைப்போக்குக் குயில்டிங். சாதாரணத் தையலில் ஊசித்தகட்டின் கீழிருக்கும் பல், துணியைச் சீராகப் பின்னோக்கித் தள்ளும். துணி கோணாமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். கைப்போக்கில் அந்தப் பல்லை இறக்கிவிடுவார்கள், அல்லது தகடு போட்டு மூடிவிடுவார்கள். வழக்கமான அழுத்துபாதத்தைக் கழற்றி, ஊசி மேலேறும்போது கூடவே ஏறித் துணியை விட்டுக்கொடுக்கும் ஸ்பிரிங் பாதத்தை மாட்டுவார்கள். அதன்பின் தையலின் நீளத்தை மெஷின் முடிவு செய்வதில்லை. ஊசியின் வேகத்துக்கும் கையின் வேகத்துக்கும் உள்ள விகிதமே முடிவு செய்கிறது. நிமிடத்துக்கு 600 குத்து விழும் மெஷினில் இரண்டரை மில்லிமீட்டர் தையல் வேண்டுமென்றால், கை நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வளைவில் கை முந்திக்கொண்டால் மேல்நூல் இழுபட்டு, அடிப்பக்கத்தில் பாபின் நூலை ஒருபுறமாகச் சாய்த்துக் கண்ணிமை மயிர்போல் வரிசையாக நிற்கும். இந்த வேலையில் புதியவரை அடையாளம் காட்டுவது கோணலான பூ அல்ல, இந்த இமைமயிர்தான்.

பூ அச்சிட்ட துணியில் இந்தத் தையலை எங்கே போடுவது என்ற கேள்விக்குப் பலரும் தரும் விடை, பூவின் மேல் என்பது. இதழுக்குள் நரம்பு, இலைக்கு நடுவே ஒரு தண்டு என்று அச்சில் ஏற்கெனவே இருப்பதை நூலால் திரும்ப எழுதுவார்கள். இந்தக் கட்டுரை அதை மறுக்கிறது. பூத்துணியில் நூலுக்குரிய இடம் பூ அல்ல. பூக்களுக்கு இடையே உள்ள வெற்றுத் தளம். இதைச் சொல்ல மலேசியாவின் மேற்குக் கரையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த கலையாகக் கருதப்படும் இந்தக் கைப்போக்கு, கெபாயா என்னும் பெண்கள் மேலாடையின் பூத்தையலாக இங்கே பல தலைமுறையாகப் புழங்கி வருகிறது. ஆனால் அந்தத் தையலின் நியதி நேர் எதிரானது.

மலாக்காவிலும் பினாங்கிலும் நோன்யா எனப்படும் உள்ளூர்ச் சீன வம்சாவளிப் பெண்கள் அணிந்த சுலாம் (பூத்தையல்) கெபாயா, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிங்கர் மிதிமெஷின்களில் உருவானது. மெல்லிய வாயில் துணியை வளையத்தில் முறுக்காகப் பூட்டி, அழுத்துபாதத்தையே கழற்றிவிட்டு, வளையத்தை இரு கையாலும் ஊசிக்கடியில் சுழற்றிச் சுழற்றி ரோஜா, செவ்வந்தி, ஆர்கிட், வண்ணத்துப்பூச்சி எல்லாம் தைப்பார்கள். சில பகுதிகளைத் துளையிட்டு வலைபோல் ஆக்குவார்கள். பல் இயங்காமல், காலால் மிதித்து, கையால் வேகம் கணக்கிட்டுச் செய்த இந்த வேலை கைப்போக்குத் தையல் அல்லாமல் வேறல்ல. தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிச் சமூகத்துப் பெண்களும் கெபாயாவும் சாரோங்கும் உடுத்துவதால், இந்தப் பூத்தையல் தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்நியமானதன்று. 2024 டிசம்பரில் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கூட்டு மரபாகக் கெபாயாவை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கெபாயாவில் துணி வெறுமையாக இருக்கும், நூல்தான் பூ. பூத்துணிப் போர்வையிலோ பூ ஏற்கெனவே துணியில் இருக்கிறது. கெபாயா தைத்த கை அப்படியே குயில்ட்டுக்கு உதவும். கெபாயா பார்த்த கண்ணை மட்டும் திருப்பிப் போட வேண்டும்.

ஏன் திருப்ப வேண்டும் என்பதற்குக் காரணம் பஞ்சில் இருக்கிறது. ஒற்றைத் துணியில் தையல் ஒரு கோடு. மூன்று அடுக்கில் அது ஒரு பள்ளம். நூல் ஓடிய இடம் அமுங்கும், ஓடாத இடம் உப்பும். கண் முதலில் பார்ப்பது நூலின் நிறத்தை அல்ல, இந்த மேடுபள்ளம் எழுப்பும் நிழலை. பூவுக்குள் நரம்பெல்லாம் தைத்தால் பூ அமுங்கி, தளம் எழும்பிவிடும். அச்சிட்டவர் முன்னே வைத்ததைத் தைத்தவர் பின்னே தள்ளுகிறார். பூவின் ஓரமாக ஒரே ஒரு கோடு ஓட்டி, தளத்தைச் சிறு வளைவுகளாலோ கூழாங்கல் போன்ற வட்டங்களாலோ நெருக்கமாக நிரப்பினால், அதே பூ துணியிலிருந்து எழுந்து நிற்கும். நூலும் தளத்தின் நிறத்திலேயே இருக்க வேண்டும். மாறுபட்ட நிறத்தில் நூல் போட்டால் ஏற்கெனவே நிறைந்திருக்கும் அச்சோடு அது சண்டை போடும். இரண்டில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது.

தளத்தின் முக்கியத்துவத்தைப் பூத்துணியின் பழைய வாணிகமே அறிந்திருந்தது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் படுக்கைகளை மூடிய பூத்துணியில் பெரும்பங்கு சோழமண்டலக் கரையிலிருந்து போனது; படிகாரமும் சாயவேரும் கொண்டு சிவப்பு ஏற்றிய, துவைத்தாலும் போகாத பருத்திச் சாயம் அது. அந்தத் துணியைப் பஞ்சு வைத்துத் தைத்துப் படுக்கை விரிப்பாகவும் பாவாடையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். 1643-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் இந்தியாவுக்கு எழுதிய கடிதத்தில், குயில்ட்டுகள் மங்கிய சிவப்புத் தளத்தில் வருவது எல்லாருக்கும் பிடிக்கவில்லை, வெள்ளைத் தளத்தில் நிறப்பூக்களாக அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். பூவை ஓவியரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டுத் தளத்தை மட்டும் மாற்றச் சொன்ன கடிதம் அது. இந்தத் துணிக்கு இருந்த மவுசு, 1686-இல் பிரான்ஸும் 1721-இல் இங்கிலாந்தும் தடைச்சட்டம் போடும் அளவுக்குப் போனது.

கைப்போக்குக் குயில்டிங்குக்கு எழும் மறுப்புகளில் பழமையானது, மெஷினில் தைத்தது குயில்ட்டே அல்ல என்பது. அமெரிக்காவிலேயே இந்த வாதம் நெடுநாள் நடந்தது. 1989-இல் கென்டக்கி மாநிலத்துப் பாடூக்கா நகரின் போட்டியில் கேரல் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் குயில்ட் செய்த சூரிய கிரகணப் போர்வை முதற்பரிசு பெற்ற பிறகு அந்த வாதம் வலுவிழந்தது. இதை விரித்துப் பேச வேண்டியதில்லை. மிதிமெஷினில் தைத்த கெபாயாவைக் கைவேலை என்றே போற்றும் மண்ணில் அந்த மறுப்புக்கு வேர் கிடையாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஜொகூரின் பத்து பாகாட் போன்ற ஊரிலிருந்து வருவதால் மேலும் கனமானது. ரமாடெக்ஸ் போன்ற பெரு நிறுவனங்கள் வளர்ந்த, நெசவுக்கும் ஆயத்த ஆடைக்கும் பேர்போன நகரம் அது. பல ஊசிகள் ஒரே நேரத்தில் இறங்கும் ஆலை மெஷின், பூப்போட்ட விரிப்பு முழுவதையும் நிமிடக் கணக்கில் சாய்சதுரமாகத் தைத்துத் தள்ளிவிடும்போது, ஒருவர் குனிந்து உட்கார்ந்து நாட்கணக்கில் கைப்போக்காகத் தைப்பது வீண் அல்லவா? மலேசிய வீடுகளில் விருந்தாளி வந்தால் விரிக்கும் டோட்டோ மெத்தைகளைப் பொறுத்தவரை இது நியாயமான கேள்வி. அங்கே சாய்சதுரமே போதும், அடிக்கடி துவைப்பதற்கும் அதுதான் தாங்கும். ஆனால் ஆலை மெஷினுக்குப் பூ எங்கே இருக்கிறதென்று தெரியாது. சிறு பூ பரவலாகத் தெளித்த துணியில் கோடு எதை வெட்டிப்போனாலும் கவலையில்லை. உள்ளங்கை அகலச் செம்பருத்தியும், சாரோங்கின் கெப்பாலா எனப்படும் தலைப்பகுதியும் உள்ள பாத்திக் துணியில் கோடு பூவின் குறுக்கே போனால் அந்தப் பூ சிதைந்துவிடும். எனவே அச்சின் அளவே முறையைத் தீர்மானிக்கிறது: பொடிப்பூவுக்குப் பூவையே பொருட்படுத்தாமல் ஓடும் பொது வளைவுகள், பெரும்பூவுக்குத் தளத்தை மட்டும் நிரப்பும் கைப்போக்கு.

ஆடை ஆலைகள் உள்ள ஊரில் துண்டுத்துணிக்குப் பஞ்சமில்லை என்ற நம்பிக்கையும் சற்றுத் திருத்தப்பட வேண்டும். டீ-சட்டைக்கான பின்னல் துணி இழுபடும். பல்லின் பிடி இல்லாத கைப்போக்கில் அது ஊசிக்கடியிலேயே நெளிந்து, பூவைக் கோணலாக்கிவிடும். வேண்டியது ஊடும் பாவுமாக நெய்த பருத்தி. பருத்திப் பாத்திக் நெருக்கமான நெசவு. அதற்கு மழுங்கிய ஊசி ஆகாது, கூர்முனை கொண்ட 80 எண் ஊசியே நூலை அறுக்காமல் இறங்கும். தப்பாகக் குத்திப் பிரித்தால் துளை தெரியும் என்பதால் முதலில் வேறு துண்டில் தைத்துப் பழக வேண்டும். விஸ்கோஸ் பாத்திக் பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் வழுக்கும், தண்ணீரில் சுருங்கும். பாத்திக் எதுவானாலும் வெட்டும் முன் ஒருமுறை அலசிவிடுவது கட்டாயம். அடர்சிவப்பும் கருநீலமும் வெள்ளைத் தளத்தில் இறங்கினால் திருத்த வழியில்லை.

வெக்கையான ஜொகூரில் போர்வை எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. குளிர்சாதன அறை இதற்குப் பாதி விடை. மீதி விடை பஞ்சைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மெல்லிய பருத்திப் பஞ்சு வியர்வையை உறிஞ்சும். பாலியெஸ்டர் உப்பலாக நின்று சூட்டைப் பிடித்து வைக்கும். பருத்திப் பஞ்சு முதல் சலவையில் 3 முதல் 5 விழுக்காடு சுருங்குவதால், தைத்த தளம் நுண்ணிய சுருக்கங்களோடு இன்னும் அமுங்கி, பூ மேலும் எழும்பும். இடைவெளி விட்டுத் தைத்தால் பஞ்சு உள்ளே நகர்ந்து கட்டிதட்டும் என்பதால், எத்தனை அங்குலத்துக்குள் தைக்க வேண்டும் என்பதைப் பஞ்சு உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். பெரும்பூவின் உட்புறம் அந்த அளவை மீறினால், மகரந்தத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டே ஆக வேண்டும். பெரும்பூவுக்குள் நூல் நுழையலாம் என்று இக்கட்டுரை ஒப்புக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். அதுவும் பஞ்சின் தேவைக்காக, அழகுக்காக அல்ல.

பூவின் மேலேயே தைத்துப் பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. பெரும்பூத் துணியை அடித்துணியாக வைத்து, போர்வையைக் கவிழ்த்துப் போட்டுப் பூவின் கோட்டைப் பார்த்தே தைப்பது. மேற்பக்கம் வெறும் ஒற்றை நிறத் துணியானால், இதழும் தண்டும் அதில் மேடுபள்ளமாக மட்டும் எழும். பென்சிலால் வரைய வேண்டிய வேலையும் மிச்சமாகும். அப்போது மேற்பக்கத்தில் தெரிவது பாபின் நூல் என்பதால், மேல்துணியின் நிறத்தில் பாபினைச் சுற்றிக்கொண்டு, இமைமயிர் விழுகிறதா என்று தொடக்கத்திலேயே போர்வையைத் திருப்பிப் பார்த்து நூல் இறுக்கத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.